மூன்றாவது ஃபிரிட்ஜ்

அடிலெய்டு,
மாசி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். பின்னாலிருந்து அத்தான் சிரிக்கிற சத்தம் கேட்டதால் பேச்சை மாற்றிவிட்டேன். "வீட்டுக்குள்ள ஒண்ணு, கார் ஷெட்டுல ஒண்ணு, இப்ப வண்டிக்குள்ள ஒண்ணா? இருக்கிறது மூணு பேரு, ஆளுக்கொரு ஃபிரிட்ஜா?" என்றாய். ஷெட்டில் இருப்பது முன்பு குடியிருந்தவர் பீருக்கென்று வைத்திருந்து விட்டுப்போனது. அதில் இப்போது மாவு டப்பாக்கள்தான் குடியிருக்கின்றன. மூன்றாவதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு.

பொங்கல் முடிந்த கையோடு பெர்த்துக்கு வண்டியிலேயே போய் வந்தோம். இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர். விமானம் இருக்கிறது, மூன்று மணி நேரம் சொச்சத்தில் இறக்கிவிடும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் நல்லார்பார் சமவெளியை ஒரு தடவையாவது ஓட்டிக் கடக்காதவனை ஓர் ஆளாகவே சேர்ப்பதில்லை. செடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டருக்கு ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. நடுநடுவே ரோட்ஹவுஸ். ஒன்றை விட்டால் அடுத்தது சில இடங்களில் 180 கிலோமீட்டருக்கு அப்பால். அதாவது மன்னார்குடியிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம், வழியில் ஒரு டீக்கடைகூட இல்லாமல். ஒரு இடத்தில் 146 கிலோமீட்டருக்கு ரோடு வளையவே வளையாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதே ஒரு மரியாதைக்குத்தான். 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது, உலகம் அழியப்போகிறது என்று தாத்தா இருந்த கோழியை எல்லாம் அடித்துக் குழம்பு வைக்கச் சொன்ன கதையை அம்மா சொல்வாளே, அந்த ஸ்கைலாப் கடைசியில் துண்டு துண்டாக வந்து விழுந்தது இந்தப் பக்கத்தில்தான். யார் தலையிலும் விழவில்லை. விழுவதற்கு அங்கே தலை இல்லை.

ரோட்ஹவுஸில் பர்கர் கிடைக்கும், இறைச்சி பை கிடைக்கும், உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். தயிர் சாதம் கிடைக்காது. கவிதா சனிக்கிழமை விரதக்காரி. ஃபிரிட்ஜ் வாங்கிய கதை இங்கேதான் ஆரம்பம்.

ஃபிரிட்ஜ் வாங்கப்போகிறேன் என்று வேலை செய்கிற இடத்தில் வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம். எத்தனையோ வருஷமாகக் கூட வேலை பார்க்கிறவர்கள், சம்பளத்தைச் சொல்ல மாட்டார்கள், வயதைச் சொல்ல மாட்டார்கள், தங்கள் ஃபிரிட்ஜ் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதை மட்டும் கேட்காமலே சொன்னார்கள். ஜப்பானில் செய்கிற ஏங்கல் பெட்டிக்கு ஒரு கட்சி. அதன் கம்ப்ரஸரில் அசைகிற பாகம் ஒன்றே ஒன்று, அதனால் பாழாகாது என்பது அவர்கள் வாதம். டோமெட்டிக்குக்கு ஒரு கட்சி, மெல்போர்ன் கம்பெனியான ஏஆர்பிக்கு ஒரு கட்சி. நம் ஊரில் தேர்தல் நேரத்தில் டீக்கடையில் நின்றவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெட்டிகளில் நாலு ஜாதி. முதலாவது வெறும் ஐஸ் பெட்டி, எஸ்கி என்பார்கள். மின்சாரமே வேண்டாம், ஐஸ் கட்டி மட்டும் போதும். இரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் தக்காளி நீச்சலடித்துக்கொண்டிருக்கும், தயிர் டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்து மோராகியிருக்கும்.

இரண்டாவது, சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற மலிவுப் பெட்டி. பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834இல் கண்டுபிடித்த விஷயம்: இரண்டு உலோகம் சேருகிற இடத்தில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளியே இருக்கிற சூட்டிலிருந்து ஒரு 20 டிகிரி குறைக்கும், அதோடு அதன் சக்தி தீர்ந்தது. இந்த ஊரில் 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரி அடித்தது. கழித்துப் பார். 26 டிகிரிக்கு டாலர் கொடுத்துப் பெட்டி எதற்கு? நம் வீட்டு அடுக்களையில் மார்கழி மாதம் சும்மா கிடைக்கிற குளிர் அது. பால் கெடாமல் இருக்க 5 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, கேஸ் சிலிண்டரிலும் ஓடுகிற வகை. நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்குவது. ஸ்வீடன்காரர் இரண்டு பேர் 1922இல் செய்தது. இதே இனத்தில் ஒரு ஃபிரிட்ஜுக்கு ஐன்ஸ்டைனும் சிலார்டும் சேர்ந்து 1930இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள், அத்தானிடம் சொல், நம்ப மாட்டார். சத்தமே போடாது. ஆனால் வண்டி சாய்ந்து நின்றால் அது வேலைநிறுத்தம் செய்யும். கேரவனைக் கொண்டுபோய் மட்டம் பார்த்து நிறுத்துகிறவர்களுக்கு அது சரி. மேடு பள்ளத்தில் கூடாரம் அடிக்கிறவனுக்கு ஆகாது.

ஆக, கம்ப்ரஸர் வைத்த நாலாவதுதான். வீட்டு ஃபிரிட்ஜின் தம்பி. 12 வோல்ட்டில் ஓடும், சாய்த்து வைத்தாலும் ஓடும், கொதிக்கிற வெயிலிலும் ஐஸ் கட்டி போடும். மூடி மேலே திறக்கும், அதனால் குளிர்காற்று கீழேயே தங்கிவிடும். நம் வீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எடுக்க வந்தோம் என்று யோசிப்பாயே, அப்போது காலில் சில்லென்று கொட்டுகிறதே, அந்த நஷ்டம் இதில் இல்லை.

இனி வருவது அத்தானுக்கு. மின்வாரியத்தில் இருந்தவருக்குத்தான் இது புரியும்; இங்கே முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிட்டுப் பெட்டியைத் திட்டுகிறார்கள். பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் போல இழுக்கும், 50 வாட்ஸ்தான், ஒரு குண்டு பல்பு. விட்டு விட்டு ஓடுவதால் வெயில் நாளில் ஒரு நாளைக்கு 40 ஏஎச் (ஆம்பியர்-மணி) அளவில் வரும். ஓட்டிக்கொண்டே இருந்தால் கவலையில்லை, வண்டியே சார்ஜ் ஏற்றிவிடும். இரண்டு ராத்திரி ஒரே இடத்தில் தங்கினால்தான் வம்பு. 100 ஏஎச் ஈய பாட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் போய்விடும், அப்படியென்றால் கையில் இருப்பது 50 மட்டுமே. வண்டி ஸ்டார்ட் ஆகிற பாட்டரியிலேயே இதையும் மாட்டினால், காலையில் தயிர் சில்லென்று இருக்கும், வண்டி நகராது. அதனால் தனியாக ஒரு லித்தியம் பாட்டரி, அதற்குச் சார்ஜர், கூரைமேல் சோலார் தகடு. ஃபிரிட்ஜின் விலையைப் போல இன்னொரு பங்கு இதற்கே ஆனது என்பதை நீ மட்டும் தெரிந்துகொள், அம்மாவிடம் சொல்லாதே.

அதைவிட முக்கியம் ஒயர். அதே வாட்ஸுக்கு 240 வோல்ட்டில் போவதைப்போல 20 மடங்கு கரண்ட் 12 வோல்ட்டில் போக வேண்டும். வண்டியோடு வருகிற பின்பக்க சாக்கெட்டுக்கு நூல் மாதிரி ஒரு ஒயரைத்தான் இழுத்திருப்பான். மேட்டூரில் தண்ணீர் திறந்து கல்லணை நிரம்பினாலும் நம் கடைமடை வயலுக்குச் சொட்டுச் சொட்டாக வருகிற கதைதான். பாட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஃபிரிட்ஜின் வாசலுக்கு வரும்போது 11 சொச்சமாகியிருக்கும். பாட்டரி செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்டி தானாக அணைந்துவிடும். தடித்த ஒயரை பாட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸ் போட்டு இழுத்தேன். நான் சொல்வேன், கையில் இருக்கிற காசில் முதலில் ஒயர், அப்புறம் பாட்டரி, மிச்சம் இருப்பதற்குத்தான் பெட்டி.

பெட்டி வாங்கப்போன அன்றைக்கு நீ இருந்திருக்க வேண்டும். இங்கே லிட்டர் கணக்கை யாரும் நம்புவதில்லை, எத்தனை கேன் பீர் கொள்ளும் என்றுதான் அட்டையில் அச்சடித்திருக்கும். விற்கிற பையனும் அதையே ஒப்பித்தான். கவிதா ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டைப்பையிலிருந்து மாவு சம்புடத்தை எடுத்து உள்ளே வைத்தாள், பக்கத்தில் தயிர்த் தூக்கு, மேலே சின்ன வெங்காய டப்பா. மூடியை அழுத்தினாள். தூக்கின் கைப்பிடி அரை அங்குலம் தடுத்தது. அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். அதில் கம்ப்ரஸருக்காக ஒரு பக்கம் திண்ணை கட்டிய மாதிரி உயர்த்தியிருந்தார்கள், தூக்கு திண்ணையில் ஏறி நின்றது. அடுத்தது. கடைக்காரப் பையன் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஐந்தாவதோ ஆறாவதோ பெட்டியில் மூடி 'டப்'பென்று விழுந்ததும், அவன்தான் முதலில் கை தட்டினான். 50 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒற்றை அறை. கம்பெனி பெயரை எழுத மாட்டேன், இந்தக் கடிதம் வேலை செய்கிற இடத்தில் யார் கண்ணிலாவது பட்டால் கட்சி மாறிவிட்டேன் என்பார்கள்.

காலிப் பெட்டியே 20 கிலோவுக்கு மேல். ஹைலக்ஸ் வண்டியின் பின்தொட்டி உயரத்தில் அதை வைத்தால் கவிதாவுக்கு மூடி மட்டும்தான் எட்டுகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதற்காக இழுத்து, தாழ இறக்குகிற ஒரு இரும்புச் சட்டம் விற்கிறார்கள். அதன் எடை பெட்டியின் எடையோடு போட்டி போடும். மரப்பலகையில் ஒரு படி அடித்துக் கொடுத்தேன், விஷயம் முடிந்தது.

முதல் நாள் ராத்திரியே வீட்டு மின்சாரத்தில் மாட்டி, பெட்டியைக் குளிர வைத்து, குளிர்ந்த சாமானை மட்டும் அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். மாவு பொங்கி மூடியைத் தள்ளும் என்ற பயம் இருந்தது. 3 டிகிரியில் அது அசையவே இல்லை. சாப்பாட்டில் குறையில்லை. குறை வந்தது எல்லையில். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச்சாவடி. பூச்சி நோய் வரக்கூடாதென்று பச்சைக் காய், பழம், தேன் எதையும் உள்ளே விட மாட்டார்கள். சமைத்ததற்குத் தடையில்லை. எனவே எல்லைக்கு முன்னால், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இல்லாத வெளியில், அடுப்பைப் பற்றவைத்து, வெண்டைக்காய், கத்திரிக்காய், முட்டைக்கோஸ், கறிவேப்பிலை முழுக்கட்டு என்று இருந்ததையெல்லாம் கவிதா வதக்கி எடுத்தாள். நிறுத்தியிருந்த லாரிக்காரர் ஒருவர் வாசனை பிடித்து இறங்கி வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். சோதனைச்சாவடி அதிகாரி பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக மோந்து பார்த்து, "எல்லாம் வெந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வரும்போது செடூனாவில் இதே சோதனை இந்தப் பக்கத்துக்காரர்களுடையது. அதற்குள் பெட்டியில் ஊறுகாயும் மாவும்தான் மிச்சம்.

அத்தான் ஒன்று கேட்டாராம், நவக்கிரகக் கோயில் சுற்றுகிற வேனுக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று. வேண்டாம் என்று சொல். ஆடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எத்தனை மெஸ், எத்தனை காபிக் கடை! இட்லி சூடாகக் கிடைக்கிற ஊரில் மாவைக் குளிர வைத்துத் தூக்கிக்கொண்டு திரிவானேன். இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினாரா என்று கேள், அது போதும்.

கோடை விடுமுறைக்கு அம்மா இங்கே வருகிறாளே, அவளை எங்காவது கூட்டிப்போக வேண்டும். அவள் தன் பெரிய தயிர்த் தூக்கு இல்லாமல் கிளம்ப மாட்டாள் என்பது உனக்கே தெரியும். டேப் வைத்து அதன் உயரத்தை அளந்து எழுது. கைப்பிடியை நிமிர்த்தி வைத்து அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி