மூன்றாவது கியர் அரைக்கிறதே!

கேள்வி: என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மூன்றாவது கியர் போட்டாலே 'கறகற'வென்று அரைக்கிறது. கியர் பாக்ஸை வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தாராளமாக! மாருதி 800 எஞ்சினில் பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் கொங்கு மண்ணில் இருந்துகொண்டு தயங்கலாமா? ஆனால் ஸ்பேனருக்கு முன்னால் காதுக்கு வேலை கொடுங்கள். ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் அரைத்தால் குற்றவாளி கிளட்ச், பெட்டி நிரபராதி. மூன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அதன் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும். நியூட்ரலில் கேட்கும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் அடங்குகிறதா? இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஆயில். ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் பிளக்கில் கை வையுங்கள். வடித்த ஆயிலில் பொன்துகள் மினுமினுத்தால் நகைக்கடைக்கு ஓடாதீர்கள். அது ரிங்கின் பித்தளை. எஃகுச் சில்லு வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு அவசியம். கழற்றும் பாகங்களை வெள்ளை பனியன் வேஸ்ட்டில் வரிசை மாறாமல் அடுக்குங்கள். துள்ளி ஓடும் சர்க்கிளிப் அதில்தான் கண்ணில் படும். ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தி, இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, மேனுவலோடு ஒப்பிடுங்கள். பேரிங்கைச் சுத்தியலால் அடிக்காமல், பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.