ரயர் பொருத்தம்

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். ஸ்காபரோவில் ரயர் அண்ணையின் நாக்கு இளகத் தொடங்கும்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் என்ன வேலையும் செய்யலாம். ஒக்ரோபர் கடைசியிலிருந்து முழுநேர ரயர் நிபுணர். பிறந்தநாள் விழாவோ அந்தியேட்டியோ, சாப்பாட்டுத் தட்டும் கையுமாக வந்து பக்கத்தில் நிற்கும் பொடியனைப் பிடிப்பார்.

"தம்பி, உம்மட காருக்கு என்ன சைஸ்?"

தம்பிக்குத் தன் சட்டையின் சைஸே அம்மாவைக் கேட்டால்தான் தெரியும். முழிப்பான். அந்த முழிதான் அண்ணைக்கு வேணும். சோற்றை ஆறவிட்டு, கார் நிற்கும் இடத்துக்கே இழுத்துப்போவார். சாரதிப் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஸ்ரிக்கரில் 205/55R16 என்று கார் செய்தவனே எழுதி ஒட்டியிருக்கிறான். பார்த்ததோடு விஷயம் முடிந்தது. அண்ணையோ சாதகக் கட்டத்தைக் கண்ட சாத்திரியார்போலக் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பலன் சொல்லத் தொடங்குவார்.

"205 அகலம், மில்லிமீற்றரில. 55 எண்டது பக்கச்சுவரின்ர உயரம், அகலத்தில நூற்றுக்கு 55 பங்கு. 16 றிம், அங்குலத்தில. உமக்கு 195/65R15-உம் பொருந்தும். வெளிவிட்டத்தில 3 மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஒடுங்கின ரயர் ஸ்னோவை வெட்டிக்கொண்டு இறங்கும். ஆனா சின்ன றிம் பிரேக்கில முட்டுதோ எண்டு பாக்கவேணும்."

ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் கட்டாயமில்லையே என்று தம்பி முனகினால், கியூபெக்கைத் துணைக்கு அழைப்பார். அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே இருக்கிறது. அதற்கும் அசையாதவனுக்குக் கடைசி அஸ்திரம்: வின்ரர் ரயர் பூட்டினால் 2016-இலிருந்து ஒன்ராறியோவின் இன்சூரன்ஸ் கொம்பனிகள் கழிவு கொடுத்தாகவேணும். கழிவு என்றதும் தம்பி அசைவான்.

அதற்குப் பிறகுதான் குரல் தணியும். "கடையில வாங்கிக் காசைக் கொட்டாதையும். என்னட்டை ஒரு செற் இருக்கு."

அவரிடம் எப்போதும் ஒரு செற் இருக்கும். 2010 சிவிக்கை விற்றபோது அதன் வின்ரர் ரயர்களைச் சேர்த்துக் கொடுக்க மனம் வரவில்லை. கராஜுக்குள் அவை போர்வை போர்த்தி இருக்கின்றன. புதுக் கார் வெளியே பனியில் நிற்கிறது. விடியற்காலையில் அந்தப் பனியைச் சுரண்டி எடுக்கும் அண்ணையின் மனைவியிடம் ரயரைப் பற்றி ஒரு சொல் கேட்டுப்பாருங்கள், ஒன்பது சொல் கிடைக்கும்.

சனிக்கிழமை தம்பி தன் 2015 கொறோலாவோடு வருகிறான். ரயரின் விலாவில் மூன்று மலைமுகடும் நடுவில் பனிப்பூவும் இருக்கின்றன. சைஸ் அச்சொட்டாக 205/55R16. அருகே 4010 என்று நாலு இலக்கம்.

"அண்ணை, இது 2010-இன் நாற்பதாம் கிழமை செய்ததெல்லோ?"

"வெயில் படாமல் வீட்டுக்குள்ள வளர்ந்தது தம்பி. ஓட்டமும் குறைவு."

ஜக் வைத்துக் காரைத் தூக்கியாயிற்று. சக்கரத்தைக் கழற்றி, சிவிக்கின் றிம்மைக் கொண்டுபோய் வைத்தால், ஏறாது. திருப்பினாலும் ஏறாது. இங்கேயும் ஐந்து போல்ட், அங்கேயும் ஐந்து ஓட்டை. ஆனால் கொறோலாவின் ஐந்தும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில். சிவிக்கின் ஐந்தும் 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில். பத்துப் பொருத்தமும் பார்த்தவர் நட்டுப் பொருத்தத்தை விட்டுவிட்டார்.

ஒரு கராஜுக்குக் கொண்டுபோய் ரயரை மட்டும் கழற்றி அவன் றிம்மில் ஏற்றலாம். அதைச் சொன்னால் றிம் நாலும் தனிமரமாகிவிடும். அண்ணை எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு கொறோலாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ரயரில ஒரு குறையும் இல்லைத் தம்பி. உம்மட காரும் பழசாப்போச்சு. எப்ப மாத்தப்போறீர்?"