பங்க் கிளாஸில் வந்த உலகமயம்

தொண்ணூறுகளின் நடுவில் போர்ட் பிளேரில் பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்களிடம் உலகமயமாதல் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். 1991-ல் மன்மோகன் சிங் வாசித்த பட்ஜெட்டில் பிடித்தால், உலக வர்த்தக அமைப்பு, பன்னாட்டு நிறுவனங்கள் என்று நாலு பக்கம் நிற்காமல் ஓடும். எங்கள் கல்லூரி பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. கேள்வித்தாள் கடல் தாண்டி வரும், விடைத்தாள் கடல் தாண்டிப் போகும். "பொருளும் பணமும் தகவலும் தடையில்லாமல் உலகைச் சுற்றுகின்றன" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாம்பாரில் வெங்காயம் இருக்காது. கப்பல் வந்திருக்காது.

கப்பல் என்றால் சென்னைக் கப்பல். சுமார் 1,200 கிலோமீட்டர், கடல் மனசு வைத்தால் மூன்று நாள். எங்கள் ஆட்கள் வருவதும் போவதும் அதன் மலிவு வகுப்பான பங்க் கிளாஸில்தான். 'டெய்லி டெலிகிராம்ஸ்' பேப்பரைக் கையில் எடுத்தால் முதலில் கண் போவது கப்பல் நேரத்துக்கு. பிரதமர் என்ன சொன்னார் என்பதெல்லாம் பிறகு. அபர்டீன் பஜாரில் கப்பல் வருவதற்கு முந்தின நாள் தக்காளி ஒரு விலை, வந்த மறுநாள் வேறு விலை. தேவை, அளிப்பு வளைகோடுகளை வாத்தியார் கரும்பலகையில் வரைய வேண்டிய அவசியமே இல்லை.

அதே கப்பலில் மூன்று நான்கு வாரத்து விகடனும் குமுதமும் ஒரே கட்டாகச் சணல் கயிறு போட்டு இறங்கும். தொடர்கதையில் கதாநாயகி மாடிப்படியில் கால் இடறுவாள், 'தொடரும்' என்று நிறுத்தியிருப்பார்கள். தமிழ்நாடே ஒரு வாரம் நகம் கடித்துக் காத்திருந்த இடத்தை நாங்கள் அடுத்த இதழை எடுத்து அரை நிமிஷத்தில் தாண்டிவிடுவோம். பின்தங்கிய பகுதியில் வாழ்வதில் இப்படியும் ஒரு வசதி.

தொலைபேசி இன்னொரு வேடிக்கை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மதுரை அத்தையிடம் பேசினால், பேச்சு சாட்டிலைட் வழியாக 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, மறுபடி அவ்வளவு தூரம் கீழே இறங்க வேண்டும். "நல்லாயிருக்கீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டு, பதில் காணோமே என்று "ஹலோ" சொல்லும்போது அவர் பதில் வந்து அதன்மேல் முட்டும். இரண்டு பேரும் ஒன்றாகப் பேசுவோம், ஒன்றாக நிறுத்துவோம், மறுபடி ஒன்றாகத் தொடங்குவோம். தடையில்லாமல் ஓடியது மீட்டர் மட்டும்தான்.

பாடப்புத்தகத்தின் கணக்கில் உலகமயம் என்பது இந்தத் தீவுகளுக்கு இனிமேல் வரவேண்டிய சரக்கு. வகுப்பில் யாரும் அந்தக் கணக்கைத் திருப்பிக் கேட்கவில்லை. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு மாநக்கவாரமும், அதாவது நிகோபாரும், இருக்கிறது. நிகோபாரிகள் ரூபாயைப் பார்ப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே தேங்காயைக் காசாக வைத்துக் கப்பல்காரர்களோடு வியாபாரம் செய்தவர்கள். தேங்காய் கொடுத்துத் துணி வாங்கினார்கள், வெள்ளிக் கரண்டி வாங்கினார்கள், ஐரோப்பியத் தொப்பி வாங்கினார்கள். சிலர் வந்துபோன வெள்ளைக்காரர்களின் பெயரையும் சூட்டிக்கொண்டார்கள். அவர்கள் பண்டமாற்றில் சாப்பாட்டுக் கரண்டி வாங்கிக்கொண்டிருந்தபோது பன்னாட்டு வாணிபம் பற்றி ஒரு பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. போர்ட் பிளேரிலோ 1883-ல் தொடங்கிய சாத்தம் மரமில்லில் அறுத்த படாக் மரம் சீமை வரைக்கும் போனது. மரம் ஏறியது கப்பலில். அறுத்தவர்கள் இங்கேயே இருந்தார்கள்.

ஆனால் எனக்கு உலகமயம் விளங்கியது வகுப்பில் அல்ல, கச்சாலில். நிகோபார் கூட்டத்தில் ஒரு தீவு அது. 1964-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் சில குடும்பங்களை எழுபதுகளில் அங்கே அரசு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ரப்பர் மரத்தின் பூர்வீகம் பிரேசில். 1876-ல் விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து, கன்றாக இலங்கைக்கு ஏறி, அங்கிருந்து ஆசியாவெங்கும் பரவியது. மலையகத் தமிழரின் பாட்டன் பூட்டன்களோ காப்பிக்கும் தேயிலைக்கும் என்று தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள். மரமும் ஆளும் ஆளுக்கொரு பக்கமிருந்து ஊர் சுற்றி வந்து கச்சாலில் சந்தித்துக்கொண்டார்கள். இரண்டு பேரையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அந்தக் கச்சால் திடீரென்று உலகப் புகழ் பெற்றது. 2000 ஜனவரி 1 அன்று கிரீன்விச்சில் நள்ளிரவு 12 அடிக்கும் அதே நேரம், நம் கணக்கில் காலை ஐந்தரைக்கு, கச்சாலில் சூரியன் உதிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயிரமாண்டின் முதல் சூரியோதயம்! சாதாரண நாளில் அனுமதி இல்லாமல் வெளியாள் காலெடுத்து வைக்க முடியாத தீவு அது. அரசாங்கமே விளம்பரம் செய்தது, சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு கப்பலேறினார்கள்.

சில மாதம் கழித்து அங்கே தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் அந்தக் காலையைப் பற்றி ஆவலாகக் கேட்டேன். கண்டிப் பக்கத்துப் பேச்சு இன்னும் நாக்கைவிட்டுப் போகாதவர். "என்னத்தைத் தம்பி பார்க்க? பால்வெட்டு விடியறதுக்கு முந்தியே தொடங்கிடும். வெயில் ஏறினா பால் நின்னுடும். சூரியன் வரும்போது நாங்க பாதி மரம் முடிச்சிருப்போம்" என்றார். உலகமே முதல் கதிருக்காகக் காத்திருந்த தீவில், அந்தக் கதிருக்கு முன்னால் வேலையை முடிக்க ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பரீட்சையில் இதை எழுதியிருந்தால் மதிப்பெண் வந்திருக்காது. நேரு, காந்தி மேற்கோள் ஏதும் இல்லையே. ஐந்து வருடம்கூட ஆகவில்லை, 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து அதிகமாக அழித்த தீவுகளில் கச்சாலும் ஒன்று. அப்போது கேமராக்கள் மறுபடி வந்தன.

அதே 2004-ல்தான் 'டைம்' பத்திரிகை ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்றது. அந்த இதழ் எங்கள் கைக்கு வருவதற்குள் அதைப் படித்தவர்கள் வந்துவிட்டார்கள்.

இப்போதைய கதைக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது. தீவுகளையெல்லாம் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். இனி அத்தையின் குரல் வானத்துக்குப் போய் வரவேண்டாம். (அத்தை இப்போது இல்லை.) 2023-ல் புது விமான நிலையக் கட்டடம், 2024 நவம்பரில் கோலாலம்பூரிலிருந்து நேராக ஒரு விமானம். அதற்கு இரண்டு மாதம் முன்பு போர்ட் பிளேரே ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. கடைக்குப் போகிறவர்கள் மட்டும் இன்னும் அபர்டீனுக்குத்தான் போகிறார்கள்.

அண்ணன் மகள் பி.காம். படிக்கிறாள். சமூகம், பண்பாடு, பொருளாதாரத்தின் மீது உலகமயமாதலின் விளைவுகள் என்று அசைன்மென்ட். சாட்ஜிபிடியிடம் கேட்டாள். கண்ணிமைக்கிற நேரத்தில் நாலு பக்கம் கொட்டியது. எட்டிப் பார்த்தேன், பொருளும் பணமும் தகவலும் தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"கிரேட் நிகோபார் கரையில ஒதுங்கின பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, தெரியுமா? பத்து நாட்டு பாட்டில். மலேசியாதான் முதல்ல. அதை எழுது" என்றேன்.

"அதெல்லாம் சுற்றுச்சூழல் பேப்பர் சித்தப்பா. இது காமர்ஸ்" என்றாள்.

அவள் கவனமெல்லாம் அதே கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில். அங்கே பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குக் கன்டெய்னர் மாற்றும் துறைமுகம் கட்டப்போகிறார்கள். ஊர், விமான நிலையம், மின் நிலையம் எல்லாம் சேர்த்து 2022-ல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபோது சொன்ன கணக்கு சுமார் 72,000 கோடி. மலாக்கா ஜலசந்திக்குப் போகும் கப்பல் பாதை அங்கிருந்து 40 கடல் மைல்தான். நம் நாட்டுச் சரக்கு கொழும்பிலும் சிங்கப்பூரிலும் போய்க் கப்பல் மாறுவதை இங்கே இழுப்பது திட்டம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். ஏழுவரி ஆமைகள் முட்டையிடுவது அந்தக் கரையில்தான். ஷோம்பென் பழங்குடியினர் திரிவது அந்தக் காட்டில்தான். விரிகுடாவின் பெயரே 1846-ல் அந்தப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன டென்மார்க் கப்பலின் பெயர். துறைமுகம் வந்தால் டென்மார்க் கம்பெனிப் பெட்டிகள் அங்கே இறங்கி ஏறலாம், யார் கண்டது. பெட்டிகள் வரும், மாறும், போகும். தீவில் நிற்கப்போவது கிரேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள்: சென்னையில் லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ. துறைமுகத்துக்கு ஆள் எடுக்கும்போது மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்பதற்குள் இவள் நிற்க வேண்டுமாம். அந்தக் கணக்கில் என்னால் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

"எதுல போறே? பிளைட்டா?"

"சீசன்ல பிளைட் கட்டுப்படியாகுமா? கப்பல்தான் சித்தப்பா. டிக்கெட் ஆன்லைன்ல திறந்ததும் முடிஞ்சிடுது. கவுன்டர்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"