கம்போடியாவுக்குப் போகும் கோழி

எங்கள் சபை கம்போடியாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பப் போகிறது. அதற்காக நான் பிரியாணி விற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்கள் மணிபர்சிலும் இந்நேரம் யாரோ தலையில் கட்டிய கூப்பன் ஒன்று மடிந்து கிடக்கும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வாலிபர் ஐக்கியத்துப் பெண் ஒருத்தி சிரித்த முகமாகக் கைகொடுத்தாள். கையை எடுத்தபோது என் கையில் ஐந்து கூப்பன் புத்தகங்கள் இருந்தன. "ஒரு புக்குல இருபதுதான் அங்கிள்." ஒரு கூப்பன் பத்து வெள்ளி. ஆக மொத்தம் ஆயிரம் வெள்ளி. "விற்காமப் போனா?" என்று கேட்டேன். "நீங்களே எடுத்துக்கலாம் அங்கிள்" என்றாள், சலுகை தருகிற குரலில். நூறு பொட்டலம் கோழி பிரியாணியை வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் என்ன செய்வது? அவளுக்குச் சர்க்கரை. எனக்குக் கொழுப்பு.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது இதைப் பற்றியல்ல. எங்கள் பழைய தோட்டத்துச் சிற்றாலயத்தின் கூரையைப் பற்றி. அதில் எனக்கு ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் இந்தக் கூப்பனைத் தீர்த்துவிடுகிறேன்.

யாரிடம் விற்பது? சபையார் அத்தனை பேர் கையிலும் ஆளுக்கு ஐந்து புத்தகம். எல்லாரும் வியாபாரி, வாங்க ஆளில்லை. ஆகவே தாமானில்தான் இறங்க வேண்டும். ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவில் எங்கள் தாமான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள்தான் இங்கே பாதிக்கு மேல். அடுத்த வீட்டு அண்ணன் மாரியம்மன் கோயில் செயலாளர். கூப்பனை நீட்டினேன். பேரம் பேசாமல் இரண்டு வாங்கினார். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். "இருங்க, வந்துடுறேன்" என்று உள்ளே போனவர் திருவிழா ரசீதுப் புத்தகத்தோடு வெளியே வந்தார். வாங்கின இருபது வெள்ளி அங்கேயே போயிற்று.

எதிர்வீட்டு டீச்சர் ஒன்று வாங்கினார். தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அதிர்ஷ்டக் குலுக்குச் சீட்டு ஒன்றை என்னிடம் விற்றார். முதல் பரிசு சைக்கிள். எனக்கு முழங்கால் வலி. முடிவெட்டும் கடைத் தம்பி ஒன்று வாங்கினான், காற்பந்துக் குழுவுக்கு ஜெர்சி வாங்கவேண்டும் என்றான். மளிகைக் கடைக்காரர் மூன்று வாங்கினார், முதியோர் இல்லத்து விருந்துக்கு மூன்று டிக்கெட் கொடுத்தார். அந்த இல்லத்தின் வாசலில் என்னை இறக்கிவிடப்போவதுபோல் ஒரு பார்வை வேறு. இப்படியே இரண்டு தெரு முடித்து வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், போகும்போது இருந்ததைவிடப் பத்து வெள்ளி குறைவு.

நான் கொடுத்த நோட்டுகளில் ஒன்றின் மூலையில் நீல மை வழிந்திருந்தது. அதைக் கோயில் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் குலுக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார். டீச்சர் மகனுக்கு முடிவெட்ட அதைக் கொடுத்திருக்கிறார். வார இறுதியில் முடிவெட்டும் தம்பி, "அண்ணே, இன்னொரு கூப்பன் குடுங்க" என்று நீட்டிய நோட்டில் அதே நீல மை. எத்தனையோ புனிதக் காரியங்களுக்குப் போய்விட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நோட்டில் இருப்பவர் துவாங்கு அப்துல் ரஹ்மான், நாட்டின் முதல் மாமன்னர், எங்கள் நெகிரி செம்பிலான்காரர். சொந்த மாநிலத்தை இப்படி வீடு வீடாகச் சுற்றிவருவோம் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். கோயில், பள்ளி, காற்பந்து, முதியோர், கம்போடியா எல்லாமே எங்கள் தாமானில் அந்த ஒரே பத்து வெள்ளியில்தான் நடக்கிறது. நடுவில் கோழிதான் பாவம், அது மட்டும் திரும்பி வருவதில்லை.

கோழி என்றதும் நினைவுக்கு வருகிறது. "ஆடுன்னா ரெண்டு எடுத்திருப்பேன்" என்பவர்களைத் தாமானில் தனியாக ஒரு வரிசையில் குடிவைக்கலாம். ஆட்டுக் கூப்பன் விற்ற வருடம் இவர்களேதான் "கோழின்னா எடுத்திருப்பேன், பிள்ளைங்க ஆடு தொடாது" என்றார்கள். "சம்பளம் போட்டதும் வாங்க" என்பவர்கள் சம்பளம் போட்ட அன்று வீட்டில் இருப்பதில்லை. "வீட்டுல கொண்டாந்து குடுப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அவர் வீடு போர்ட்டிக்சனில். ஆனால் என்னைத் திகைக்கவைத்தவர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்தான். ஐம்பது வெள்ளியை எடுத்து வைத்தார். "சோறெல்லாம் வேணாம். பள்ளிக்கூடத்துக்குத்தானே, கொண்டுபோங்க."

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை. எல்லாரும் இப்படிச் செய்தால்? ஒரு கோழியும் சாகவேண்டாம். ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பெண்கள் சங்கம் வெங்காயம் உரிக்கவேண்டாம். அரிசி, நெய், டப்பா, கேஸ் எல்லாம் போகப் பத்து வெள்ளியில் பாதி தேறினாலே பெரிய காரியம். மீதிப் பாதியை நாங்களே தின்றுவிட்டு, கம்போடியாவுக்கு உதவுகிறோம் என்று ஏப்பம் விடுகிறோம்.

தோட்டத்து ஜனங்களுக்குப் பணம் கொடுக்கத் தெரியாதா? 1943-இல் நேதாஜி மலாயாவுக்கு வந்தபோது பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், தாலியைக்கூடக் கழற்றியவர்கள் உண்டு. பதிலுக்கு யாரும் பொட்டலம் கேட்கவில்லை. தமிழ் முரசு கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி கேட்டபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதித்திராத பால்வெட்டுக்காரர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கப்படவேண்டும் என்று சில்லறை சில்லறையாகக் கொடுத்தார்கள். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக வந்தார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் கொடுத்த காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அதே பத்து வெள்ளிதான். யாரும் அவரிடம் கோழியா ஆடா என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்களுக்கு மட்டும் கேட்பதற்கு வெட்கம். கூப்பனை நடுவில் வைத்தால் அது வியாபாரம் ஆகிவிடுகிறது, கேட்டதாக ஆகாது. மானம் தப்புகிறது, கோழி சாகிறது.

சரி, கூரை. இல்லை, அதற்குமுன் டீ சட்டை. பயணக் குழுவின் கூட்டங்களில் பாதி டீ சட்டையின் நிறத்துக்கே போயிற்று. எங்கள் அம்மா அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவாள். ஒட்டுப்பால் பிடித்து அந்தச் சட்டை தானாகவே நிற்கும். நாலு நாள் செங்கல் அடுக்க இவர்களுக்குப் பெயர் அச்சடித்த சட்டை, முதுகில் ஒரு வசனம், கையில் இரண்டு நாட்டுக் கொடி.

நாலு நாள்கூட இல்லை. நிகழ்ச்சி நிரலைப் புலனத்தில் போட்டார்கள். முதல் நாள் போய்ச் சேருவது. இரண்டாம் நாள் காலை அறிமுகம், பிற்பகல் கட்டட வேலை. மூன்றாம் நாள் காலை கட்டட வேலை, பிற்பகல் பிள்ளைகளோடு விளையாட்டு. நான்காம் நாள் 'கலாச்சார அறிமுகம்', அதாவது அங்கோர் வாட். ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 அமெரிக்க டாலர். ஐந்தாம் நாள் விமானம். குழுவில் ஒரு வங்கி அதிகாரி, ஆசிரியர்கள், ஒரு காப்புறுதி முகவர், ஒரு மருந்தாளர், படம் பிடிக்க ஒருவர், அவரைப் படம் பிடிக்க இன்னொருவர். சபையில் வீடு கட்டத் தெரிந்த ஒரே ஆள் குத்தகைக்காரர். அவருக்கு அந்த வாரம் வேலை இருக்கிறதாம், சுவர் கட்டும் வேலை.

என் வீட்டுப் பின்புறச் சுவரைக் கட்டிய இந்தோனேசியக் கொத்தனாரிடம் குழுவின் படத்தைக் காட்டினேன். இத்தனை பேர் சேர்ந்தால் ஒரு சுவர் எழும்புமா என்று கேட்டேன். அவர் சாந்துக் கரண்டியைச் சுவர்மேல் வைத்தார், கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார். முகங்களைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதுல சிமெண்டு கலக்குறது யாரு?" என்று மலாயில் கேட்டார். பிறகு, கம்போடியாவில் கொத்தனார்கள் இல்லையா என்றார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லத்தான் மனம் வரவில்லை.

பழக்கமில்லாத கையில் கருவியைக் கொடுப்பது எப்போதும் சிரிப்போடு முடிவதில்லை. எங்கள் மாநிலத்துப் பகாவில், ஜப்பான்காரன் காலத்தில், சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து காட்டை வெட்டிக் குடியேறச் சொன்னார்கள். பட்டணத்து மனிதர்கள். மலேரியா அள்ளிக்கொண்டு போனது. அவர்களோடு மண்வெட்டி பிடித்த ஆயர் தெவால், காலில் பட்ட காயம் முற்றி 1945-இல் இறந்தார். அவர்களுக்குத் திரும்பிப் போக விமானச் சீட்டு இருக்கவில்லை. மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியதும் ஐந்து பகல் நான்கு இரவுத் திட்டத்தில் அல்ல. அவர் கட்டிய கோயிலிலேயே அவருக்குக் கல்லறையும் ஆயிற்று.

இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லத்தான் எழுந்தேன். "அங்கிள், நேரமாச்சு" என்றார்கள். உட்காருவதற்குள் செயலாளர் இன்னோர் அறிவிப்பைப் படித்தார். திரும்பி வந்ததும் சிரம்பானில் நன்றி விருந்து, படக்காட்சி, மேசை ஒன்றுக்கு ஐந்நூறு வெள்ளி. பயணம் போகிறவர்களுக்குப் பயிற்சி இருப்பதால் அவர்கள் கூப்பனும் மேசையும் விற்கவேண்டியதில்லை, மற்றவர்கள் பொறுப்பு.

அன்றே பெயர் கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது, புதுப்பிக்க 200 வெள்ளி. என் பங்குப் புத்தகங்களை வீட்டம்மா பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அவள் என்னோடு பேசுவதில்லை. டபுள் எக்ஸ்எல் சட்டை தீர்ந்துவிட்டதாம், எக்ஸ்எல்தான் இருக்கிறதாம். மாட்டிப் பார்த்தேன். மூச்சு விடாமல் இருந்தால் பொருந்துகிறது.