ஊதச் சொன்னால் போதுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டி 10,000 ரூபாய் அபராதம் கட்டியவரே மறுபடியும் மாட்டுகிறாரே... அவருக்குச் சூடு சுரணையே கிடையாதா? (வாசகர், திருப்பூர்)

மாட்டியது இரண்டாவது முறை. ஓட்டியது எத்தனையாவது முறையாம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு, இரண்டாவது முறை சிக்கினால் 15,000 ரூபாய் அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, இல்லை இரண்டுமே என்கிறது. ஆனால், திரும்பத் திரும்பச் சிக்குபவர்களில் பலருக்குக் குடி ஏற்கெனவே நோயாக முற்றியிருக்கும். நோய்க்கு ரசீது மருந்தாகுமா?

அமெரிக்காவில் இத்தகையவர்களின் காரில் ஒரு கருவி பொருத்துகிறார்கள். ஊத வேண்டும், மூச்சில் மது இருந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. கருவி இருக்கும்வரை குற்றம் குறைகிறது. கழற்றியதும் பலர் பழைய குருடி கதவைத் திறடி!

வண்டிக்குப் பூட்டு, ஆளுக்குச் சிகிச்சை: இரண்டும் சேர்ந்தால்தான் எதிரே வருபவர் உயிரோடு வீடு திரும்புவார்.