ஃபிரிடோலின் மகன் ஃபிரிடோலின்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து நியூ கிளாரஸ் ஊரில் மாடு வளர்த்துச் சீஸ் போட்டுத் தலையெடுத்த எந்தக் குடும்பத்தின் வம்சாவளியைப் பிரித்தாலும், முதல் பக்கத்தில் ஒரு வீரர் நிற்பார். 1845இல் கடல் கடந்து வந்தவர். சுதந்திரக் காற்றைத் தேடிச் சுவிஸ் மலையை விட்டு இறங்கியவர். பெயர் ஃபிரிடோலின். பக்கத்து வீட்டு வம்சாவளியிலும் இதே தோரணையில் ஒருவர் நிற்பார். அவர் பெயரும் ஃபிரிடோலின். எதிர் வீட்டைக் கேட்கவே வேண்டாம்.

பெயருக்கு மூலவர் ஒரு துறவி. இவர்கள் விட்டுவந்த சுவிஸ் மாநிலமான கிளாரஸ் கான்டனின் கொடியில் இன்றைக்கும் கையில் கோலோடு நடந்துகொண்டிருக்கும் புனித ஃபிரிடோலின். உர்சுஸ் என்பவர் தன் நிலத்தை இவருடைய மடத்துக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனார். தம்பி லண்டோல்ஃப் பங்காளிகள் செய்வதைச் செய்தார்: தர மாட்டேன் என்றார். வழக்கு மன்றத்துக்குப் போனது, சாட்சி எங்கே என்று கேட்டார்கள். ஃபிரிடோலின் நேரே கல்லறைக்குப் போய் உர்சுஸை எழுப்பி, எலும்புக்கூடாகவே கையைப் பிடித்து மன்றத்துக்கு நடத்திக்கொண்டு வந்தாராம். தம்பி அரண்டுபோய்த் தன் பங்கையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார். கிளாரஸ் வரலாறே இப்படி ஒரு பத்திரத் தகராற்றில்தான் தொடங்குகிறது.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வரலாம் என்றால் அங்கே ஏகிடியுஸ் சுடி உட்கார்ந்திருக்கிறார். 1505இல் பிறந்தவர், கிளாரஸின் தலைவராக இருந்தவர், சுவிஸ் வரலாற்றெழுத்தின் தந்தை என்று நெடுங்காலம் கொண்டாடப்பட்டவர். ஊர் வரலாற்றை எழுதும்போது தன் குடும்பம் அதில் சிறியதாகத் தெரிந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. பழைய பத்திரங்களைத் தானே தயாரித்து, தன் முன்னோர் 906ஆம் ஆண்டிலேயே பெரிய மனிதர்கள் என்று நிறுவிவிட்டார். பெயருக்கேற்ப, இல்லாத மகுடத்தைச் சூடிக்கொண்டார். 1893இல் அலாய்ஸ் ஷுல்டே என்ற ஜெர்மானிய ஆய்வாளர் அந்தப் போலிகளைத் தோலுரிக்கும்வரை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் மகுடம் அப்படியே இருந்தது. அதே சுடி என்ற பெயர் கொண்ட இன்னொரு வீட்டில்தான் அன்னா கோல்டி வேலைக்காரியாக இருந்தாள். வீட்டுக் குழந்தையின் பாலில் மந்திரத்தால் ஊசி வரவழைத்தாள் என்று சொல்லி 1782இல் அவள் தலையை வெட்டினார்கள். கான்டன் 2008இல் அவளைக் குற்றமற்றவள் என்று அறிவித்தது. குடும்பப் பெருமை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சற்று வேகமாகப் புரட்டுவார்கள்.

சரி, 1845க்கு வருவோம். அதற்கு முன் ஒரு பாஸ்போர்ட் விஷயம்.

சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருக்காது. 'ஹைமாட்ஓர்ட்' இருக்கும், அதாவது பூட்டனுக்குப் பூட்டன் எந்த ஊரில் குடியுரிமை வைத்திருந்தானோ அந்த ஊர். நம் குலதெய்வத்து ஊர் மாதிரி. அங்கே ஒருமுறைகூடக் கால் வைத்திராதவனுக்கும் ஊர் அதுதான். குலதெய்வத்து ஊர் பொங்கலுக்குச் சேவல்தான் கேட்கும். சுவிஸ் ஊரிடம் நாம் கேட்கலாம்: அக்காலத்தில் ஒருவன் நொடித்துப்போனால் அவனுக்குச் சோறு போடும் கடமை அவனுடைய ஹைமாட்ஓர்ட்டுடையது. எவன் நம்மூர்க்காரன், எவன் இல்லை என்று எழுதிவைக்காவிட்டால் கண்டவனுக்கும் கஞ்சி ஊற்ற வேண்டியிருக்கும். சுவிஸ் வம்சாவளிப் பதிவேடுகள் துல்லியமானவை என்று உலகமே மெச்சுகிறது. அந்தத் துல்லியத்தில் முன்னோர் மேல் வைத்த பாசம் கொஞ்சம், செலவைப் பற்றிய பயம் நிறைய.

1840களில் அந்தப் பயம் முற்றியது. கிளாரஸ் பள்ளத்தாக்கில் நிலம் குறைவு, வயிறு அதிகம். கைத்தறியில் நெய்து பிழைத்தவர்களின் வேலையை இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. ஊர்ச் சபைகள் உட்கார்ந்து கணக்குப் போட்டன. வருடா வருடம் கஞ்சி ஊற்றுவதைவிட ஒரே ஒருமுறை கப்பல் கூலி கொடுத்துவிடுவது மலிவு. குடியேற்றச் சங்கம் பிறந்தது, பணம் திரண்டது. 'சுதந்திரம் தேடிச் சென்றார்' என்று வம்சாவளி சொல்லும் ஃபிரிடோலினை, ஊர் கூடிச் செலவு செய்து வழியனுப்பிவைத்தது. போனவருக்குத் துக்கம் இருந்திருக்கும். ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு இருந்திருக்காது.

நிலம் பார்க்க இரண்டு பேரை முன்னே அனுப்பினார்கள். ஒருவர் நீதிபதியாக இருந்த நிக்கோலஸ் டூர்ஸ்ட். இன்னொருவர் கொல்லர் ஃபிரிடோலின் ஸ்ட்ரைஃப் (ஆமாம், ஃபிரிடோலின்). இருவரும் புறப்பட்டது மார்ச் 8. பெண் பார்க்கப் போனவர்கள் திரும்பி வருமுன்னே மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு கிளம்பிய கதையாக, ஏப்ரல் 16 அன்று 193 பேர் மூட்டை முடிச்சோடு படகில் ஏறிவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டால், அமெரிக்காவுக்கு. அமெரிக்காவில் எங்கே? அது அந்த இரண்டு பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேர் எங்கே? அமெரிக்காவில்.

லிந்த் ஆறு, ரைன் ஆறு, பிறகு கடல். ஜூன் 30 அன்று பால்டிமோர். அங்கிருந்து பிட்ஸ்பர்க், ஒஹாயோ ஆற்றில் நீராவிப் படகு, செயின்ட் லூயிஸ். அங்கே காத்திருக்க வேண்டிய நிலம் பார்த்த பெரியவர்களைக் காணோம். அவர்களைத் தேட இன்னும் இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவழியாகக் கண்டுபிடித்து, ஆகஸ்ட் நடுவில் விஸ்கான்சினில் அந்த மண்ணைத் தொட்டபோது தலை எண்ணினால் 108. அர்ச்சனைக்குப் பொருத்தமான எண்தான். மற்றவர்களில் சிலர் செத்திருந்தார்கள், பலர் வழியில் கழன்றுகொண்டார்கள். அப்படிக் கழன்றவர்களின் சந்ததியும் இன்று எங்கோ ஒரு முதல் பக்கத்தில், வேறொரு வீரரை நிறுத்தி வைத்திருக்கும்.

வாங்கிய நிலம் 1,280 ஏக்கர், விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். சீட்டுக் குலுக்கிக் குடும்பத்துக்கு 20 ஏக்கர் பிரித்துக்கொண்டார்கள். ஆளில்லாத பூமி என்று வம்சாவளிகள் எழுதும். ஹோ-சங்க் மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் அரசு எழுதி வாங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. இந்தமுறை சாட்சி சொல்ல எந்த எலும்புக்கூடும் எழுந்து வரவில்லை.

வந்தவர்களில் பலர் நெசவாளிகள். தறியில் ஓடிய கை ஏரைப் பிடித்தது. எல்லோரையும் பார்த்துக் கோதுமை விதைத்தார்கள். சில ஆண்டுகள் விளைந்தது, மண் களைத்தது, பிறகு சிஞ்ச் பூச்சி வந்து கதிரின் சாற்றை உறிஞ்சியது. விஸ்கான்சின் கோதுமையை ஒழித்துப் பால் பண்ணையை வளர்த்ததில் இந்தப் பூச்சிக்கு முக்கியப் பங்கு உண்டு. நியாயமாகப் பார்த்தால் எல்லா வம்சாவளியிலும் ஃபிரிடோலினுக்கு அடுத்த பெயர் இதனுடையதாக இருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் விட்டுவந்த மாட்டையே மறுபடி பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சீஸ் விஷயத்தில் ஒரு துரோகம் நடந்தது. கிளாரஸின் சொந்தச் சீஸ் 'ஷாப்சீகர்'. பச்சை நிறம், நம் வெந்தயத்தின் ஒன்றுவிட்ட சகோதரியான நீல வெந்தயத்தின் மணம். அதை எப்படிச் செய்வது, எப்படி முத்திரை குத்துவது என்று 1463இலேயே ஊர்ப் பொதுக்கூட்டம் சட்டம் போட்டிருந்தது. இவ்வளவு பாரம்பரியத்தை வைத்துக்கொண்டு இங்கே பணம் பார்த்தது எதில்? லிம்பர்கரில். பூர்வீகம் பெல்ஜியப் பக்கம். 1868இல் நிக்கோலஸ் கெர்பர் அந்தப் பகுதியில் லிம்பர்கர் ஆலை தொடங்கினார். மாட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் விடிந்தது.

லிம்பர்கரின் நாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். அதன் மேல்தோலில் வாழும் நுண்ணுயிரியும் மனிதப் பாதத்தை நாறவைப்பதும் ஒரே குடும்பம், நெருங்கிய பங்காளிகள். பக்கத்து மன்றோ ஊரில் 1870களில் லிம்பர்கர் வண்டி தெருவில் போனால் சனங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். காசு வரத் தொடங்கிய பிறகு மூக்குகள் சமாதானமாயின. 1935இல், பார்சலில் வந்த லிம்பர்கர் ஆளை வீழ்த்துமா வீழ்த்தாதா என்ற வழக்கைத் தீர்க்க மன்றோ போஸ்ட்மாஸ்டரும் அயோவா மாநிலத்துப் போஸ்ட்மாஸ்டர் ஒருவரும் ஓர் ஓட்டலில் சீஸை முகர்ந்து மோதிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பெயர்கள் சேதாரமாயின. ஜெர்மன் எழுத்துகளின் தலைமேல் இருக்கும் இரண்டு புள்ளி அமெரிக்கக் குமாஸ்தாக்களின் பேனாவுக்குப் பிடிபடவில்லை. புள்ளி விழுந்த இடத்தில் புதிய எழுத்து முளைத்தது. கிளாரஸில் ஒன்றாக இருந்த குடும்பம் இங்கே இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு சாதியானது. கிளாரஸ் குடும்பப் பெயர்களில் 'ஸ்வைஃபல்' என்று ஒன்று உண்டு. அர்த்தம், சந்தேகம். வம்சாவளி எழுதுவோர் அனைவரும் அந்தப் பெயரைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம்.

1938 முதல் நியூ கிளாரஸில் கோடை முடிவில் திறந்தவெளியில் வில்லியம் டெல் நாடகம் போடுகிறார்கள். மகனின் தலையில் ஆப்பிளை வைத்து அம்பு விட்டவர். அது நடந்த நாள் 1307 நவம்பர் 18 என்று கறாராகத் தேதி குறித்துக் கொடுத்தவர், வேறு யார், நம் ஏகிடியுஸ் சுடிதான். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் டெல் கிடையாது. ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் சுடியைப் படித்து நாடகம் எழுதினார், ஃபிரிடோலின்களின் பேரப்பிள்ளைகள் அதை நடிக்கிறார்கள்.

நாடகத்தில் மாடுகளும் ஆடுகளும் உண்டு. பிரௌன் சுவிஸ் மாடு அமெரிக்காவுக்கு முதலில் வந்தது 1869இல், ஒரு காளையும் ஏழு பசுக்களுமாக. 1880இல் அவற்றுக்கென்று வளர்ப்போர் சங்கம் அமைந்தது. அன்றிலிருந்து தாய் யார், தகப்பன் யார், எத்தனையாவது கன்று என்று பதிவேட்டில் இருக்கிறது. அதில் எங்கேயும் 906ஆம் ஆண்டு வராது.