தள்ளிப் பார்த்த எம்.ஜி.

பதுளையில் எம்.ஜி. காரைப் பற்றி விடிய விடியப் பேசக்கூடியவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். நான்கு பேரில் ஒருவர்கூட அதை ஓட்டியதில்லை. தள்ளியிருக்கிறோம். ஓட்டுகிறவர் உள்ளே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். தள்ளுகிறவனுக்குத்தான் வண்டியின் கனம் தெரியும். எந்த இடத்தில் கை வைத்தால் தகடு உள்ளே அமுங்கும், எந்த இடத்தில் வைத்தால் சொந்தக்காரர் "ஐயோ, பெயின்ட்" என்று அலறுவார் என்பதெல்லாம் தெரியும்.

இந்த ஞானம் எங்களுக்குக் கிட்டியது 2022இல், பெற்றோல் வரிசையில். கியூ.ஆர். கோட் முறை வந்த புதிது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுத்தார்கள். அளவு கைத்தொலைபேசியில் இருந்தது. பெற்றோல் கொழும்பிலிருந்து வரும் வழியில் எங்கேயோ இருந்தது. வரிசை நகரும்போது என்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் அடியில் கிடக்கிற கால் லீற்றரும் போய்விடுமே என்று எல்லோரும் கையால்தான் தள்ளுவோம். முன்னால் நிற்பவருடைய வண்டியை நான் தள்ள, என்னுடையதைப் பின்னால் நிற்பவர் தள்ள, அது ஒரு சீட்டுக் கட்டுகிற மாதிரி. இன ஒற்றுமைக்கு இந்த நாட்டில் எத்தனையோ மாநாடு போட்டிருக்கிறார்கள். ஒரு சிங்கள முதலாளியின் டபுள் கெப்பை ஒரு மௌலவியும் நானுமாக மூச்சு வாங்கத் தள்ளிய அந்த இருபது அடிக்கு ஈடாக எந்த மாநாட்டையும் சொல்லமாட்டேன்.

என்னுடையது ஒரு சின்ன மாருதி. எனக்கு முன்னால் ஓட்டோக்காரத் தம்பி. அவனுக்கு முன்னால் கராஜ் அண்ணனின் வேன். வண்டி ஏதும் இல்லாமலேயே வரிசையில் நின்றவர் டிரைவர் மாமா. தோட்டத்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எண்பதை நெருங்குகிறது. வீட்டில் பொழுது போகவில்லை, இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று காலையில் குளித்துவிட்டு வந்துவிடுவார்.

கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் எனக்குப் பின்னால் அந்தக் கார் வந்து நின்றது. கரும்பச்சை. உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. எலியைக் கண்ட பூனை பதுங்குகிற மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. மூக்கில் எட்டு மூலை வைத்த ஒரு பட்டை, அதற்குள் எம்., ஜி. என்று இரண்டு எழுத்து. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள். அதாவது ஐம்பதுகளின் கடைசியில் 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முன்பே இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த வண்டி. எங்கள் ஆட்கள் பலருடைய பிரசாவுரிமைப் பத்திரத்தை விட மூத்தது.

சொந்தக்காரர் கொழும்பில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பண்டாரவளைப் பக்கம் வந்து குடியேறிய ஒரு பெரியவர். காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அறிவித்ததும் செட்டில் படுத்திருந்ததைத் தட்டி எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார். இது குடிக்கப்போவதில்லை. இதன் பெயரில் வாங்கி வீட்டிலிருக்கிற ஜீப்புக்கு ஊற்றப்போகிறார். செத்தவர் பெயரில் கூப்பன் அரிசி வாங்கிய குடும்பங்கள் எங்கள் லயத்திலும் உண்டு, ஆகையால் யாரும் தப்பாக எடுக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. பெரியவருக்கு ஒத்தாசையாக ஸ்டியரிங் பிடிக்கிறேன் என்று ஓட்டோக்காரத் தம்பி ஓடினான். கதவில் தடவினான். மேலே தடவினான், கீழே தடவினான். மறுபக்கம் போயும் தடவினான். "சேர், கதவுக்குப் புடியே இல்லீங்களே!" பெரியவர் சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டு ஒரு கயிற்றை இழுத்தார். கதவு டக்கென்று திறந்தது. கோழிக்கூடு திறக்கிற அதே வித்தை. எம்.ஜி.ஏ. என்கிற அந்த மாடலில் திறந்த கார்களுக்கு வெளியே கைப்பிடி கிடையாதாம். 1955இலிருந்து 1962 வரைக்கும் ஒரு இலட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், ஒருவருக்கும் பிடி வைக்கத் தோன்றவில்லை.

அடுத்த சங்கடம் பின்பக்கம். நானும் கராஜ் அண்ணனும் கை வைத்தோம். வால் பக்கம் சரிந்து வழவழவென்று இறங்குகிறது, உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போய் பம்பரில் இடிக்கிறது. தகடோ வெயிலில் தோசைக்கல். அப்போதுதான் டிரைவர் மாமா வாயைத் திறந்தார்.

"இதெல்லாம் தள்ளுறதுக்கு ஆகாது தம்பி. டி.டி.ன்னா ஸ்பெயார் டயரக் கட்டிப் புடிச்சுத் தள்ளிரலாம். எம்.ஜி.ன்னா டி.டி.தான்."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, பெற்றோல் வந்தாலும் பரவாயில்லை, வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1950 முதல் 1953 வரை வந்த டி.டி.க்குப் பின்னால் பெட்டி மாதிரி பெற்றோல் தாங்கி, அதன் முதுகில் ஸ்பெயார் டயர். மாமாவின் அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய துரைக்கு டிரைவர். டிரைவர் என்று பெயரே ஒழிய டி.டி.யைத் துரைதான் ஓட்டுவார். கழுவுவதும் துடைப்பதும் குளிர் விடியலில் தள்ளிக் கிளப்புவதும் அப்பா. எட்டு வயதில் மாமாவும் கூட நின்று தள்ளியிருக்கிறார். பங்களா வாசலிலிருந்து ஸ்டோர் வளைவு வரைக்கும் தள்ளினால் ஐந்து சதம். "அந்த டயர்ல கன்னத்த வச்சுத் தள்ளுவேன். அந்த ரப்பர் மணம் இன்னமும் மூக்குல நிக்கிது" என்று சொல்லிக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

கராஜ் அண்ணன் விடுவாரா? அவருக்கு டி.சி.தான் தெய்வம். 1945இல் சண்டை முடிந்த கையோடு வெளிவந்து 1949 வரை பத்தாயிரம் மட்டும் செய்யப்பட்ட மாடல். கம்பிச் சக்கரம், 19 அங்குலம். "மாமா, டி.டி.க்கு 15 அங்குலச் சக்கரம். மடுல்சீமை ரோட்டுக் குழியில எறங்கினா ஏறி வருமா? டி.சி. மாட்டு வண்டி மாதிரி ஒசரமா நிக்கும், குழிய மதிக்காது."

"குழிய மதிக்காது சரி, ஓட்டுறவன் முதுகெலும்பு? டி.சி.க்கு முன்னால ஒத்தை அச்சு. டி.டி.க்குத்தான் ரெண்டு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங்கு."

"அது தொரையோட முதுகெலும்பு மாமா. நமக்கென்ன?"

மாமா ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்தப் புள்ளியை மட்டும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு இந்த விஷயத்தில் சொந்த அனுபவம் கிடையாது. எங்கள் அப்பா கொழுந்து நிறுப்பதற்குத் தராசு தூக்கியவர். எங்கள் குடும்பத்துக்கும் மோட்டார் காருக்கும் இருந்த ஒரே உறவு, அது வரும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பது. ஆனால் பள்ளிக்கூட வாத்தியாருக்கு அனுபவம் எதற்கு? நான் புள்ளிவிபரத்தோடு இறங்கினேன். 1962இல் தொடங்கி 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்றது எம்.ஜி.பி. அதற்கு முன்னால் வந்த அத்தனை எம்.ஜி.யையும் கூட்டினாலும் அந்தக் கணக்கு வராது. ஆகவே ஜனநாயகப்படி எம்.ஜி.பி.தான் சிறந்தது.

"கூட வித்தா நல்லதா மாஸ்டர்?" என்றான் ஓட்டோக்காரத் தம்பி. "பாண்கூடத்தான் கேக்கை விட கூட விக்குது."

அவனுடைய கட்சி வேறு. எம்.ஜி. என்றால் அவனுக்கு ஹெட் லைட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று பல்வரிசை வைத்த புது இசட்.எஸ். மட்டுந்தான். ஏ.சி. உண்டு, கதவுக்குப் பிடி உண்டு. கராஜ் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது சீனாக்காரன் வண்டிடா! இங்கிலாந்துல அபிங்டன் பெக்டரிய 1980இலேயே மூடியாச்சு. பேரையும் எட்டு மூலைப் பட்டையையும் மட்டும் வித்துட்டாங்க." தம்பி அசரவில்லை. "தோட்டத்தையும் வெள்ளக்காரன்கிட்ட இருந்து எடுத்து இன்னைக்கு வேற கம்பெனி நடத்துது. பேரு மட்டும் ஸ்பிரிங்வெலின்னுதானே இருக்கு? அதுக்காக அங்க வாறது தேயிலை இல்லைன்னு சொல்லுவீங்களா?"

இதற்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வரவில்லை. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்து, 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது துரைமார் மூட்டை கட்டினார்கள். துரை போய்ப் பல காலம் கழித்தும் மாமாவின் அப்பா காலையில் எழும்பியதும் வெறும் கராஜைக் கூட்டிவிட்டு வருவாராம்.

இரவானதும் பேச்சின் வேகம் குறைந்தது. எல்லோரும் கராஜ் அண்ணனின் வேனுக்குள் போய்ச் சாய்ந்தோம். எம்.ஜி.யின் பிறப்பு வளர்ப்பை அவர் சொல்ல ஆரம்பித்தார். மொரிஸ் கராஜஸ் என்பதன் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. ஒக்ஸ்போர்டில் அந்தக் கராஜை நடத்த வந்த சிசில் கிம்பர் என்பவர் மொரிஸ் கார்களின் அடிக்கட்டையை எடுத்து அதற்கு இலேசான உடம்பு பூட்டிக் கொடுத்ததில் தொடங்கியது கதை. இலங்கை முழுக்க இன்னமும் ஓடித் திரிகிற மொரிஸ் மைனரும் இதுவும் ஒரே குடும்பம். "பெரியப்பா மகன் சின்னப்பா மகன் மாதிரி" என்றான் தம்பி. "ஆமா, ஒருத்தன் குடும்பத்தத் தாங்குறவன், மத்தவன் ஊர் சுத்துறவன்" என்றார் மாமா.

அந்தக் கிம்பர் எப்படிச் செத்தார் என்று கேட்டேன். கார் ஓட்டியா? இல்லையாம். 1945இல், லண்டனில், ரயிலில். கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயில் சுரங்கத்துக்குள் ஏற்றத்தில் ஏறமாட்டாமல் சக்கரம் வழுக்கி, பின்னோக்கியே இறங்கி வந்து விபத்தாகிவிட்டது. இறந்த இரண்டு பேரில் ஒருவர் இவர்.

வேனுக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லொறி வாழ்க்கை முழுவதையும் ஏற்றத்திலேயே கழித்த மாமா இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்: "சக்கரத்துக்குப் பின்னால ஒரு கட்ட போட ஆளில்லாமலா போச்சு, அவ்வளவு பெரிய லண்டன்ல?"

விடிந்ததும் வடைக் கூடையோடு அம்மாயி வந்தார். வரிசை நீள நீள அவருக்குத்தான் வியாபாரம். வடை ஒன்றின் விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டால், "எண்ணெய் வெலையப் பாரு தம்பி" என்பார். பெற்றோல் லீற்றர் 450 ரூபாய், தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். இரண்டேகால் லீற்றருக்குக்கூட வராத அந்தக் கணக்கில் வடை மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? நாங்கள் நால்வரும் டி.சி., டி.டி. என்று மறுபடி ஏறிக்கொண்டிருந்ததைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்த எம்.ஜி.யப் பத்திடா இம்புட்டுச் சண்ட?"

"எம்.ஜி.யில எது பெஸ்ட்டுன்னு பேசுறோம் அம்மாயி."

"இதுல பேச என்னா இருக்கு? எம்.ஜி.ஆருதான்."

கராஜ் அண்ணன் வடையை வாயில் வைத்தபடியே சிரித்ததில் புரையேறிவிட்டது. அம்மாயிக்குக் கோபம். "சிரிக்கிறியா? அவரு நாவலப்பிட்டியில பொறந்த மனுசன். நம்ம மண்ணு. வெள்ளக்காரன் வண்டிக்கு முட்டிக்கிறதுக்கு வந்துட்டானுக." மீதிச் சில்லறையைக்கூடத் தராமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பத்து மணிக்கு பவுசர் வந்தது. தம்பிக்கு ஐந்து லீற்றர் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. அந்த எம்.ஜி.ஏ. பம்படியில் போய் நின்ற நேரத்தில், செட் பையன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பெரியவர் மெதுவாகச் சிரித்து, "பரவாயில்லை, நல்ல பேச்சு கேட்டேன்" என்றார். எங்களில் யார் சொன்னது சரி என்று கடைசி வரை அவரும் சொல்லவில்லை. நாங்கள் நால்வருமாக அதை ஓரத்துக்குத் தள்ளினோம். மாமா மட்டும், கை வழுக்கும்போதெல்லாம் "டி.டி.ன்னா…" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஒன்றிரண்டு மாதம் கழித்து, பழைய கார்களைப் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தபோது என் கை நின்றுவிட்டது. எம்.ஜி. ஆர்.வி.8 என்று ஒரு மாடல் உண்மையாகவே இருந்திருக்கிறது! 1993 முதல் 1995 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் மட்டும் செய்திருக்கிறார்கள். என்னுடைய எம்.ஜி.பி.யின் உடம்பையே எடுத்துத் தேற்றி, உள்ளே 3.9 லீற்றர் என்ஜினை வைத்திருக்கிறார்கள். செய்ததில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு போனவர்கள் ஜப்பான்காரர்கள்.

வெறி பிடித்த மாதிரி பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அம்மாயி வழக்கமான இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். "அம்மாயி, நீங்கதான் ஜெயிச்சீங்க. எம்.ஜி. ஆர். நெசமாவே இருக்கு!" என்று கைத்தொலைபேசியை நீட்டினேன். கூரையை மடித்துவிட்ட, பளபளக்கும் பச்சை நிறக் கார். அம்மாயி கண்ணைச் சுருக்கி, தொலைபேசியைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாஞ் சரி மாஸ்டர்," என்றார். "தொப்பியக் காணோமே?"